பேட்டரி சைக்கிளும் நம் பிள்ளைகளின் உயிரும்

ஜொகூர்த் தோட்டப்புறங்களில் வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள் நிற்பது பழைய செய்தி. அதன் பக்கத்திலே இப்போது இன்னொரு வண்டியும் வந்து நிற்கத் தொடங்கியிருக்கிறது. பார்த்தால் சைக்கிள் மாதிரிதான் இருக்கும். பெடல் உண்டு, செயின் உண்டு, கேரியர் உண்டு. ஆனால் மிதிக்காமலே ஓடும். சத்தம் போடாது. பெட்ரோல் கேட்காது. பேட்டரி சைக்கிள் என்று நம்மவர்கள் இதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய், சிகாமட் பக்கங்களில் தோட்டத்துக்கும் பட்டணத்துக்கும் இடையே உள்ள தூரம் நம் மக்களுக்குத் தெரியாததல்ல. மளிகைச் சாமான் வாங்க ஒரு நடை, கிளினிக்குக்கு ஒரு நடை, பிள்ளையை டியூஷனுக்கு விட ஒரு நடை. பஸ் வருவது எப்போதோ ஒரு தடவை. மோட்டார் சைக்கிள் ஒன்றுதான் இருக்கிறது, அதையும் வீட்டுக்காரர் வேலைக்கு எடுத்துப் போய்விடுகிறார். பிறகு பெண்களும் பிள்ளைகளும் வயதானவர்களும் என்னதான் செய்வார்கள்? இந்த இடத்திலேதான் பேட்டரி சைக்கிள் உள்ளே நுழைகிறது.

செலவையும் பாருங்கள். சாதாரணமான ஒரு பேட்டரி சைக்கிளை முழுக்கச் சார்ஜ் செய்ய அரை யூனிட் மின்சாரம்கூட முழுதாக ஆகாது. இருபது காசு அளவில் முடிந்துவிடும். அந்தச் சார்ஜில் முப்பது கிலோமீட்டர் ஓடும். 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்று ஆனாலும், கையில் மிஞ்சுவது எவ்வளவு என்பது குடும்பம் நடத்துகிறவர்களுக்குத்தான் தெரியும். அப்படிப்பட்ட வீட்டில் இருபது காசில் போய் வரலாம் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? நம்மோடு தோட்டத்தில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் இது கை கொடுக்கிறது. மோட்டார் சைக்கிள் வாங்கி, லைசென்ஸ் எடுத்து, சாலை வரி கட்டுவதெல்லாம் அவர்களுக்கு எட்டாத காரியம்.

ஆகவே இந்த வண்டியைக் கண்டபடி திட்டுவது இந்தப் பகுதியின் நோக்கமல்ல. ஏழையின் காலுக்கு ஒரு துணை கிடைத்தால் அதை வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் இதை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர், "சைக்கிள்தானே!" என்று சொல்லி வாங்குகிறார்கள். அந்த ஒரு சொல்லிலேதான் ஆபத்து இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேச வேண்டும்.

சைக்கிளில் எஞ்சின் வைத்த கதை

சைக்கிளுக்கு மோட்டார் வைப்பது இன்று நேற்று வந்த யோசனை அல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, 1946ஆம் ஆண்டில், ஜப்பானின் ஹமாமட்சு நகரத்தில் சொய்ச்சிரோ ஹோண்டா என்பவர், ராணுவ வயர்லெஸ் கருவிகளுக்கு மின்சாரம் கொடுக்க வைத்திருந்த சின்னச் சின்ன எஞ்சின்களை வாங்கி, சாதாரண சைக்கிள்களில் பூட்டி விற்றார். போரில் நொந்துபோன மக்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். 1952இல் பின் சக்கரத்தில் மாட்டும் ஒரு சிறு எஞ்சினை 'கப்' என்ற பெயரில் விற்றார். 1958இல் சூப்பர் கப் வந்தது. நம் நாட்டுக்கு அந்த வண்டிகளைக் கொண்டு வந்து பரப்பியவர் பினாங்கு தொழிலதிபர் லோ பூன் சியூ. அந்தக் 'கப்' என்ற பெயர்தான் நம் நாட்டு வாயில் 'கப்சாய்' ஆயிற்று. இன்றைக்கும் தோட்டப்புறத்தில் ஓடுவதெல்லாம் அந்தக் கப்சாயின் வாரிசுகள்தான்.

தமிழ்நாட்டிலும் இதே கதைதான். 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 என்ற மோப்பெட் வெளிவந்தது. மூட்டை முடிச்சு, பால் கேன், வாழைத்தார் என்று எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு கிராமத்துச் சாலைகளில் அது ஓடியது. சொந்தமாக வண்டி என்பதைக் கனவிலும் நினைக்காத குடியானவர் வீட்டுக்கு அது வந்து சேர்ந்தது.

இந்த வரலாறு நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. ஏழைக்கு எட்டுகிற விலையில் ஒரு வண்டி வந்தால் அதை யாராலும் தடுக்க முடியாது. வண்டி முதலில் வரும். சட்டம் பிறகுதான் வரும். இரண்டுக்கும் நடுவிலே உள்ள காலத்தில்தான் உயிர்கள் போகும். மோட்டார் சைக்கிள் நம் நாட்டில் பெருகிய எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு, 1973இல்தான் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. பகலிலும் விளக்குப் போட்டு ஓட்ட வேண்டும் என்ற விதி வர 1992 ஆயிற்று. அந்தந்தச் சமயத்தில் "வெயில் நேரத்திலே இது எதற்கு?" என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. இன்றைக்குத் தலைக்கவசம் இல்லாமல் பெரிய சாலைக்குப் போவதற்கு நாமே அஞ்சுகிறோம். பேட்டரி சைக்கிள் விஷயத்தில் நாம் இப்போது அந்த நடுக்காலத்தில்தான் நிற்கிறோம்.

சைக்கிள் உருவம் ஏமாற்றும்

ஒரு மனிதர் சாதாரண சைக்கிளை மிதித்தால் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் அளவில் போவார். சைக்கிளின் பிரேக், டயர், சட்டம் எல்லாம் அந்த வேகத்தை மனத்தில் வைத்துச் செய்தவை. மோட்டார் வைத்த சைக்கிள் 25 கிலோமீட்டரில் போகிறது. கட்டுப்பாட்டை எடுத்துவிட்ட வண்டிகள் 45க்கும் மேலே போகின்றன.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு ஏழு மீட்டர் தூரம் வண்டி ஓடிவிடும். 45 கிலோமீட்டர் என்றால் பன்னிரண்டரை மீட்டர். எதிரே ஒரு மாடோ, நாயோ, குழந்தையோ குறுக்கே வந்ததைக் கண் பார்த்து, மூளைக்குத் தெரிந்து, கை பிரேக்கை அழுத்துவதற்கே ஒரு விநாடிக்கு மேல் ஆகும். பிரேக் பிடித்த பிறகும் வண்டி உடனே நிற்காது. வேகம் இரண்டு மடங்கானால் நிற்பதற்கு வேண்டிய தூரம் நான்கு மடங்காகும். 25லிருந்து 45க்குப் போனாலே மூன்று மடங்குக்கு மேல். இது தார்ச்சாலைக் கணக்கு. நம் தோட்டத்துச் செம்மண் சாலையில், சரளைக்கல் மேலே, மழை பெய்து சேறாகிக் கிடக்கும்போது என்ன ஆகும்? பிரேக்கை அழுத்தினால் சக்கரம் நிற்கும், வண்டி நிற்காது, வழுக்கிக்கொண்டே போகும்.

இன்னொரு விஷயம் சத்தம். கப்சாய் வந்தால் கால் மைல் தூரத்திலேயே காது கேட்கும். செம்பனைக் காட்டில் திருப்பத்துக்கு அந்தப் பக்கம் ஆள் வருகிறார் என்று தெரிந்துவிடும். பேட்டரி சைக்கிள் வருவது தெரியாது. லயத்துக் கோடியில் கோலி விளையாடும் பிள்ளைக்கும் தெரியாது. குலை ஏற்றிய டிராக்டரைத் திருப்புகிற டிரைவருக்கும் தெரியாது.

மூன்றாவது, எதிரே வருகிறவரின் கண். பெரிய சாலையில் லாரிக்காரர் தூரத்தில் ஒரு சைக்கிளைப் பார்க்கிறார். 'சைக்கிள்தானே, மெதுவாகத்தான் வரும், அதற்குள் நாம் திரும்பிவிடலாம்' என்று அவர் மனம் கணக்குப் போடுகிறது. ஆனால் வருவதோ மோட்டார் வேகத்தில் வருகிறது. அவர் கணக்குத் தப்பிப் போகிறது. ஓட்டுகிறவர் மேலேயும் குற்றமில்லை, லாரிக்காரர் மேலேயும் முழுக் குற்றமில்லை என்ற மாதிரி விபத்துகள் நடப்பது இப்படித்தான்.

2022, 2023 ஆகிய ஆண்டுகளில் இந்நாட்டுச் சாலைகளில் ஆண்டுக்கு ஆறாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு அளவினர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். இரண்டு சக்கரத்தில் போகிறவனுக்குத் தகரம் இல்லை, கண்ணாடி இல்லை, உடம்புதான் காப்பு. பேட்டரி சைக்கிளில் போகிறவனுக்கு அந்த மோட்டார் சைக்கிள்காரனுக்கு இருக்கும் நல்ல பிரேக்கும், பட்டையான டயரும், பிரகாசமான விளக்கும்கூடக் கிடையாது.

ஜொகூர் மறக்கக் கூடாத ஓர் இரவு

2017ஆம் ஆண்டு பிப்ரவரி 18. ஜொகூர் பாரு உள்வட்டச் சாலையில் விடியற்காலை மூன்று மணி. பிரேக்கைக் கழற்றி, கைப்பிடியைத் தாழ்த்தி, வேகத்துக்காக மாற்றிய சைக்கிள்களில் ஒரு கூட்டம் பையன்கள் போய்க்கொண்டிருந்தார்கள். 'பாசிக்கல் லாஜாக்' என்று மலாய் மொழியில் சொல்வார்கள். அந்தக் கூட்டத்தின் மேல் ஒரு கார் மோதியது. எட்டுப் பையன்கள் இறந்தார்கள். எல்லாரும் பதினெட்டு வயதுக்குக் கீழே.

காரோட்டி மேல் வழக்கு நடந்தது. கீழ்நீதிமன்றம் விடுதலை செய்தது. 2022இல் உயர்நீதிமன்றம் ஆறாண்டுச் சிறை விதித்தது. 2023 ஏப்ரல் 11இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுதலை செய்தது. ஆறு ஆண்டுகள் நாடே இரண்டு பட்டு நின்று பேசியது. காரோட்டி குற்றவாளியா, பெற்றோர் குற்றவாளியா, போலீஸ் என்ன செய்தது என்று வாதம் நடந்தது. தீர்ப்பு எப்படிப் போனாலும் எட்டு வீட்டில் அந்தப் பிள்ளைகளின் படுக்கை காலியாகத்தான் இருந்தது. அந்தத் தாய்மார்கள் என்ன இனம், என்ன மதம் என்று கேட்க வேண்டியதில்லை. பெற்ற வயிறு எல்லாருக்கும் ஒன்றுதான்.

அந்தச் சைக்கிள்களில் மோட்டார் இல்லை. காலால் மிதித்து ஓட்டியவைதான். மோட்டார் இல்லாத சைக்கிளுக்கே இந்தக் கதி என்றால், மோட்டார் வைத்த சைக்கிளைப் பன்னிரண்டு வயதுப் பையன் கையில் கொடுப்பது எதற்குச் சமம் என்று நினைத்துப் பாருங்கள். நாலு பையன்கள் சேர்ந்தால் பந்தயம் வராமல் இருக்குமா? வேகக் கட்டுப்பாட்டு வயரை அறுத்துவிட்டால் வண்டி பறக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கைத்தொலைபேசியிலேயே எல்லாம் கற்றுக்கொள்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

"இதற்கு லைசென்ஸ் வேண்டாம்" என்று கடைக்காரர் சொல்வார். அது எல்லா வண்டிக்கும் பொருந்தாது. அவருக்கு விற்பனை நடக்க வேண்டும், மாட்டிக்கொள்வது நாம்தான்.

உலகத்தில் பல நாடுகள் ஒரே மாதிரி ஒரு கோடு போட்டிருக்கின்றன. மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குள் இருக்க வேண்டும்; மணிக்கு 25 கிலோமீட்டர் வந்ததும் மோட்டார் உதவி நின்றுவிட வேண்டும். ஐரோப்பாவிலும் சிங்கப்பூரிலும் மிதித்தால்தான் மோட்டார் உதவும் வகையே சைக்கிளாகக் கருதப்படும். இந்தியாவிலும் 250 வாட், 25 கிலோமீட்டர் என்பதுதான் பதிவு இல்லாமல் ஓட்டுவதற்கான எல்லை. நல்ல பலசாலி ஒருவர் காலால் மிதித்தால் 25 அளவில் போகலாம். அதைத் தாண்டினால் அது சைக்கிள் அல்ல என்பதுதான் இந்தக் கோட்டின் பொருள்.

பக்கத்திலே இருக்கும் சிங்கப்பூரைப் பாருங்கள். தினம் ஜொகூர் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போகும் நம்மவர்கள் நேரிலேயே பார்த்திருப்பார்கள். அங்கே 2018லிருந்து பேட்டரி சைக்கிளைப் பதிவு செய்து எண் பலகை மாட்ட வேண்டும். பதினாறு வயது ஆகியிருக்க வேண்டும். வண்டியின் எடை 20 கிலோவைத் தாண்டக் கூடாது. சாலையில் போனால் தலைக்கவசம் போட வேண்டும். 2022 ஜனவரியிலிருந்து எழுத்துத் தேர்வில் தேறினால்தான் ஓட்டலாம். நடைபாதையில் ஓட்டக் கூடாது.

நம் நாட்டில் 2021 டிசம்பர் 17ஆம் தேதி ஒரு விதி அமலுக்கு வந்தது. அதன்படி மின்ஸ்கூட்டர் போன்ற சின்ன வண்டிகளையும், அந்த விதி குறிப்பிடும் மோப்பெட் வகையையும் பொதுச் சாலையில் ஓட்டத் தடை உண்டு. பெடல் வெறும் பேருக்கு இருந்து, கைப்பிடியை முறுக்கியதும் மோட்டார் சைக்கிள் போல ஓடும் வண்டியைச் 'சைக்கிள்' என்று சொல்லி போலீஸிடம் தப்ப முடியாது. மோட்டார் சைக்கிள் ரகமான வண்டியென்றால் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிவு வேண்டும், இன்சூரன்ஸ் வேண்டும், லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் எடுக்கப் பதினாறு வயது ஆக வேண்டும்.

இன்சூரன்ஸ் என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பதிவில்லாத வண்டிக்கு இன்சூரன்ஸ் கிடையாது. உங்கள் பையன் போய் ஒரு கிழவியை இடித்துத் தள்ளிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆஸ்பத்திரிச் செலவும் நஷ்ட ஈடும் யார் தலையில் விழும்? உங்கள் தலையில்தான். இருபது காசு மிச்சம் பிடிக்கப் போய் இருபதாயிரம் வெள்ளிக் கடனாளி ஆக வேண்டுமா?

ஆகவே பணத்தைக் கொடுப்பதற்கு முன்னே, கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். மோட்டார் எத்தனை வாட்? எந்த வேகத்தில் தானாக நின்றுவிடும்? பெடல் மிதிக்காமல் ஓடுமா, ஓடாதா? பதிலை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் சாலைப் போக்குவரத்து இலாகாவிலேயே போய்க் கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

வீட்டுக்குள்ளே இன்னோர் ஆபத்து

சாலையில் மட்டுமல்ல, நிறுத்தி வைத்திருக்கும்போதும் இந்த வண்டிக்கு ஒரு குணம் உண்டு. இவற்றில் பலவற்றில் இருப்பது லித்தியம் பேட்டரி. மட்டமான பேட்டரி, அடிபட்ட பேட்டரி, வேறு வண்டியின் சார்ஜர் என்று ஏதாவது ஒன்று சேர்ந்துவிட்டால் உள்ளேயே சூடேறித் தீப்பிடிக்கும். பிடித்தால் தண்ணீர் ஊற்றி லேசில் அணைக்க முடியாது. புகை நஞ்சு.

2024 பிப்ரவரியில் சீனாவின் நான்ஜிங் நகரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தீப்பிடித்துப் பதினைந்து பேர் இறந்தார்கள். கீழ்த்தளத்தில் பேட்டரி சைக்கிள்கள் வைத்திருந்த இடத்தில்தான் தீ தொடங்கியது. அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 2023ஆம் ஆண்டில் மட்டும் இப்படிப்பட்ட பேட்டரித் தீயில் பதினெட்டுப் பேர் மாண்டார்கள்.

கல்வீடும் தீயணைப்பு நிலையமும் உள்ள பட்டணத்திலேயே இப்படி என்றால், பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய லயத்தில் என்ன ஆகும்? ஒரு வீட்டில் பற்றினால் முழு வரிசையும் போய்விடும். பட்டணத்திலிருந்து தீயணைப்பு வண்டி வந்து சேருவதற்குள் சாம்பல்தான் மிஞ்சும்.

அதனால் வீட்டிலுள்ள அம்மா அக்காமார்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரவு எல்லாரும் தூங்கும்போது சார்ஜ் போடாதீர்கள். வாசல் வழியை மறித்துக்கொண்டு வண்டியை வைக்காதீர்கள். தீப்பிடித்தால் வெளியே ஓட வழி வேண்டும். படுக்கை, துணி, கேஸ் அடுப்பு இவற்றின் பக்கத்தில் வைக்காதீர்கள். வண்டியோடு வந்த சார்ஜரை மட்டும் பயன்படுத்துங்கள். ஒரே பிளக்கில் நாலு வயர் தொங்கவிடாதீர்கள். பேட்டரி வீங்கினாலோ, கைபட முடியாதபடி சூடானாலோ, வாசனை வந்தாலோ உடனே வெளியே கொண்டுபோய் வைத்துவிடுங்கள். தெரிந்த பையன் ஒருவன் பழைய பேட்டரியைப் பிரித்துக் கட்டித் தருகிறேன் என்றால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு

வேலைக்காக வண்டி ஓட்டும் தோழர்கள் ஒரு விஷயத்தை அறிந்து வைத்திருக்க வேண்டும். 1969ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும், வேலையிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்து, வேலை விபத்தாகவே கருதப்படும். சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடப் போய் வரும் வழியும் சேர்த்தி. சைக்கிளில் போனாலும், நடந்து போனாலும் இது உண்டு. ஆனால் வழியை விட்டு விலகி வேறு சொந்த வேலைக்குப் போயிருந்தால் கிடைக்காது. 2019 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களும் சொக்சோவின் வேலை விபத்துத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறார்கள்.

நம்மவர்கள் பலர் இதைக் கோட்டை விடுகிறார்கள். "சின்னக் காயம்தானே" என்று தைலம் தடவிக்கொண்டு வீட்டில் படுத்துவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்துக் கால் மடங்காமல் போன பிறகு ஓடுகிறார்கள். அப்போது சாட்சியும் இல்லை, காகிதமும் இல்லை. விழுந்த அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்கோ கிளினிக்குக்கோ போங்கள். போலீஸில் புகார் கொடுங்கள். தோட்ட ஆபீசில் எழுத்து மூலம் தெரியப்படுத்துங்கள். தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். மருத்துவ விடுப்பு நான்கு நாளுக்குக் குறையாமல் இருந்தால், கணக்கிட்ட நாள் சம்பளத்தில் 80 சதவீதம் கிடைக்கும். இது யாரும் போடும் பிச்சை அல்ல. உங்கள் உழைப்பின் பேரில் மாதாமாதம் கட்டிய சந்தாவுக்குரிய உரிமை.

நிர்வாகமும் சங்கமும் செய்ய வேண்டியவை

எல்லாப் பொறுப்பையும் தொழிலாளியின் தலையிலேயே கட்டிவிட்டுப் போவது நியாயமல்ல. 'கவனமாக ஓட்டு, கவனமாக ஓட்டு' என்று போர்டு எழுதி வைத்துவிட்டால் நிர்வாகத்தின் கடமை முடிந்துவிடுமா?

தோட்டத்துச் சாலை பெரிய சாலையோடு சேரும் முனைகளைப் பாருங்கள். பல இடங்களில் விளக்குக் கிடையாது. புல்லும் புதரும் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது. விடியற்காலை இருட்டில் பிரட்டுக்குப் போகிறவர்களும், அதே நேரத்தில் பறந்து வரும் லாரிகளும் அந்த முனையில்தான் சந்திக்கிறார்கள். ஒரு விளக்குக் கம்பம் நடுவதற்கும், பத்து நாளைக்கு ஒருமுறை புதர் வெட்டுவதற்கும் எத்தனை ஆயிரம் ஆகிவிடப் போகிறது? ஓர் உயிரின் விலையைவிட அதிகமா?

வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1ஆம் தேதியிலிருந்து அமலில் இருக்கிறது. வேலையிடத்தில் உள்ள ஆபத்துகளைக் கணித்துத் தடுப்பது முதலாளியின் கடமை. தோட்டத்து உள்சாலையும் வேலையிடம்தான். தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டமும் 1990லிருந்து இருக்கிறது. வீட்டுக்குத் தண்ணீரும் மின்சாரமும் சரியாகக் கிடைக்கச் செய்வது அதன்படி முதலாளியின் பொறுப்பு. எனவே தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் கிளைத் தலைவர்கள் அடுத்த கூட்டத்திலேயே மூன்று கோரிக்கைகளை எழுதி மேனேஜரிடம் கொடுக்கலாம். சாலை முனைகளில் விளக்கு. லயத்து வழியே போகும் லாரிக்கும் டிராக்டருக்கும் வேகத்தடுப்பு மேடு. வீட்டை விட்டுத் தள்ளி, கூரை போட்டு, சரியான வயரிங்கோடு ஒரு சார்ஜ் கொட்டகை. கேட்டால் கொடுப்பார்களா என்று கேட்காமலே உட்கார்ந்திருந்தால் எதுவும் நடக்காது.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. வண்டியைக் கடையில் தாராளமாக விற்க விட்டுவிட்டு, வாங்கியவனைச் சாலையில் பிடித்துப் பறிமுதல் செய்வது என்ன நீதி? விற்கிற இடத்திலேயே 'இது சாலையில் ஓடலாம், இது ஓடக் கூடாது' என்று வண்டியிலேயே தெளிவாக ஒட்டியிருக்க வேண்டும். அது மலாயிலும் சீனத்திலும் தமிழிலும் இருக்க வேண்டும். ஏமாற்றி விற்கிறவனுக்கு அபராதம் போட வேண்டும். ஏழை சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய வண்டி போலீஸ் நிலைய முற்றத்தில் துருப்பிடிக்கக் கூடாது.

பெற்றோரே, கொஞ்சம் கேளுங்கள்

கடைசியாக நம் வீட்டு விஷயம். "பிள்ளை ஆசைப்பட்டுக் கேக்குது, எப்படிங்க மறுக்கிறது?" என்பார்கள். நாம் பட்ட கஷ்டத்தைப் பிள்ளை படக் கூடாது என்ற எண்ணம் நல்ல எண்ணம்தான். பால் தோம்பைக் கட்டிக்கொண்டு பழைய ரேலி சைக்கிளில் மேடு ஏறிய கால்கள் அவை. பிள்ளையாவது சுகமாகப் போகட்டும் என்று நினைப்பதில் தவறில்லை.

ஆனால் பிள்ளைக்கு வயதுக்குத் தகுந்ததைத்தானே கொடுக்க வேண்டும்? பால்மரம் வெட்டும் உளியைப் பத்து வயதுப் பையன் கையில் விளையாடக் கொடுப்போமா? பதினாறு வயது ஆகும் வரை மோட்டார் வைத்த எதையும் சாலைக்கு எடுத்துப் போக விடாதீர்கள். அதுவரை நல்ல பிரேக், மணி, விளக்கு உள்ள சாதாரண சைக்கிள் போதும். காலுக்கும் உடம்புக்கும் அதுதான் நல்லது.

பெரியவர்கள் ஓட்டும்போதும் சில பழக்கங்கள் வேண்டும். எவ்வளவு கிட்டத்தில் போனாலும் தலைக்கவசம் போட்டு வாரைக் கட்டுங்கள். முன்னே வெள்ளை விளக்கு, பின்னே சிவப்பு விளக்கு இல்லாமல் இருட்டில் கிளம்பாதீர்கள். ஒருவர் போகும் வண்டியில் மூன்று பேர் ஏறாதீர்கள். கைக்குழந்தையை முன்னால் நிற்க வைக்காதீர்கள். வாரத்துக்கு ஒருமுறை பிரேக் கட்டையையும் டயரையும் பாருங்கள். திருப்பத்தில் மணி அடியுங்கள். மழை வந்தால் வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். இரண்டு டம்ளர் உள்ளே போயிருந்தால் வண்டியைத் தொடவே தொடாதீர்கள்.

இந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஓய்வாக இருக்கும்போது, வாசலில் நிற்கும் வண்டியை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பிரேக் பிடிக்கிறதா? விளக்கு எரிகிறதா? யாராவது வயரை அறுத்திருக்கிறார்களா? எங்கே சார்ஜ் போடுகிறோம்? பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஐந்து நிமிஷம்தான் ஆகும்.

வண்டி கெட்டால் கடையில் கொடுத்துச் செய்துகொள்ளலாம். பிள்ளைக்கு அப்படி ஒரு கடை கிடையாது.